ஒலிபெருக்கிக்காரனின் தொண்டை

வெள்ளம் வடிந்து நாலாம் நாள்
மாநகர சபையில் தந்த கடுதாசியில்
ஏழு வரி.
அதை என் குரலில் பதிந்து
ஆட்டோவின் தலையில் ஒலிபெருக்கியைக் கட்டினேன்.

"குழாய்நீரைக் கொதிக்கவைத்தே பருகவும்.
குமிழி பொங்கிய பின்னும் ஒரு நிமிடம் அடுப்பில் விடவும்.
மூடி ஆறவிடவும்."

கோயில் திருவிழா, செத்தவீடு, காணாமற்போன ஆடு
எல்லாம் சொன்ன குரல்தான்.
தண்ணீரைப் பற்றி இதுதான் முதல்தடவை.

முகத்துவாரத்தில் ஜெசிந்தா மறித்தாள்.
தம்ளரை வெயிலில் தூக்கிப் பிடித்து
"இஞ்ச பாருங்க, இதுக்குள்ள என்ன கிடக்கு?
ஒண்டுமில்லயே."
இல்லைத்தான்.
ஒன்றுமில்லாதது போலக் கிடப்பதுதான்
அதன் கெட்டித்தனம் என்று சொல்ல வந்தேன்,
அதற்குள் மறுகா முதல்வரி தொடங்கிவிட்டது.

நாவற்குடாவில் வேலிக்கு வேலி கேள்வி.
துணியில வடிச்சாக் காணாதா?
காணாது.
பல்லு மினுக்க?
அதுக்கும் ஆறின தண்ணிதான்.
குளிக்க?
குளிக்கலாம், வாயைப் பொத்திக்கொண்டு.
புள்ளட பால்போத்தல் கழுவ?
கொதிச்சது, கொதிச்சது.
விறகெல்லாம் நனைஞ்சு கிடக்கு, காஸும் முடிஞ்சுது,
நீங்களா வந்து அடுப்புக்குள்ள எரியப் போறீங்க?
கடுதாசியில் அதற்கு வரியில்லை.

போத்தல் தண்ணீரின் விலை
மத்தியானத்துக்குள் இரண்டு தரம் ஏறியது.
அதை அறிவிக்க யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

தேத்தண்ணிக்கடைக் கண்மணிராசா
பொங்குகிற கேத்தலைப் பெருமையாய்க் காட்டினார்.
பக்கத்தில் முந்தாநாள் உறையவைத்த ஐஸ்தட்டு,
தேசிக்காய்த் தண்ணிக்கென்று
நாலு கட்டி குறைந்திருந்தது.
இரண்டு பேரும் அந்த நாலு பள்ளங்களையே பார்த்தோம்.
பேச்சில்லாமல் எடுத்துப்போய்க்
கானில் கவிழ்த்தார்.

உப்போடையில் ஞானமுத்தருக்குக் காது கேளாது.
அவருக்காக நிறுத்தி இறங்கினேன்.
குழாயைக் காட்டி, வயிற்றைப் பொத்தி,
பத்து விரலையும் கீழிருந்து மேலே
படபடவென்று பொங்கவிட்டேன்.
சிரித்தார்.
குசினிக்குள் கூட்டிப்போய்
ஆவி பறக்கும் பானையின் மூடியைத் திறந்தார்.
எப்படித் தெரியும் என்று கை விரித்தேன்.
மூக்கைத் தொட்டுக் காட்டினார்:
விடியக்காலமே சேற்று வாடை.
அந்த ஒழுங்கையில் முதலில் கேட்டவர் அவர்தான்.

பின்னேரம் ஐந்தரை.
பதிவு போதாதென்று சந்திக்குச் சந்தி
நானும் கத்தியிருந்தேன்.
தொண்டைக்குள் மீன்செதிள் ஒட்டினது போல.
கல்லடிப் பாலத்தடியில் வண்டியை விட்டு
பொதுக்குழாயைத் திருகிக்
கையைக் குவித்தேன்.
என்ன குளிர்ச்சி.
வாய்வரை வந்துவிட்டது.

பின்னால் ஒருவன்
மூக்கடைத்த குரலில்
"குழாய்நீரைக் கொதிக்கவைத்தே" என்றான்.

பதிவை நிறுத்த மறந்திருந்தேன்.
விரலிடுக்கால் ஒழுகிச் செருப்பு நனைந்தது.
பாலத்தில் தூண்டில் போட்டிருந்த பொடியன்மார் இருவர்
விழுந்து விழுந்து சிரித்தார்கள்.
நானும்.

இரவு, கேத்தலில் குமிழி வந்ததும்
தவமலர் அணைக்கப் போனாள்.
சிலிண்டரைத் தட்டினாள்:
"வெறுஞ்சத்தம், கேக்குதா?"
ஒரு நிமிசம் என்றேன், காற்றுத்தான் வந்தது.
"ஓமோம், ஊருக்கெல்லாம் சொல்லி முடிஞ்சு
இனி எனக்கோ."
மிச்சக் குரலும் போய்விட்டிருந்தது.
விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன்.
இருபதுக்கு மேல் அவளும் சேர்ந்தாள்.
நாற்பத்தொன்றில்
நீலச்சுடர் ஒருதரம் சிணுங்கி மஞ்சளாயிற்று.
நாற்பத்திரண்டு என்றாள் அவள்,
கொஞ்சம் அவசரமாக.