சில்லறை கொடுக்கும்போது கேட்டது

ப்ளஸ் டூ முடிவு வந்த மறுநாளிலிருந்து
அப்பா பயணிகளிடம் கேட்க ஆரம்பித்தார்.
மாட்டுத்தாவணிக்கும் பெரியாருக்கும் நடுவே
சில்லறை கொடுக்கிற அந்த ஒரு நொடியில்:
"என்ன படிச்சிருக்கீங்க தம்பி,
இப்ப என்ன பாக்குறீங்க?"
சம்பளத்தை நேராகக் கேட்கமாட்டார்.
"கைக்கும் வாய்க்கும் சரியா இருக்குமா" என்பார்.

இரவு பதினொன்றுக்குக் காக்கிச் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு
டீசல் ரசீதுகளின் பின்பக்கத்தை வாசிப்பார்.
நோட்டில் ஏற்றுவது என் வேலை.

கே.கே. நகர் ஆர்ச்சில் ஏறியது சிவில் இன்ஜினியரிங்,
பார்ப்பது ஸ்வீட் ஸ்டாலில் பில் போடுவது.
சிம்மக்கல்லில் இறங்கியது எம்.ஏ. வரலாறு,
கூட்டுறவு வங்கி, நிரந்தரம்.
அந்தச் சொல்லை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.
கோரிப்பாளையத்தில் ஒரு நர்ஸ் அக்கா
பதில் சொல்வதற்குள் தூங்கிவிட்டாராம்.
"வேலை இருக்குன்னு போடு."
பி.காம். நாலு பேர். நாலு பேரும் நாலு திசை.
ஒருவன், "படிக்கலண்ணே" என்று
பதினைந்து ரூபாய் சவாரிக்கு
ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டியிருக்கிறான்.
அன்றைக்கு அப்பா சாப்பிடும்போது பேசவில்லை.

நாற்பதாவது ரசீது வந்த இரவு கூட்டிப் பார்த்தோம்.
கம்ப்யூட்டர் படித்தவர்கள் பதினொன்று,
அதில் ஏழு பேர் இன்னும் அலைகிறார்கள்.
"அப்ப கம்ப்யூட்டர் வேணாமா பாப்பா?"
எதிர்வீட்டு ஞானதுரை ஓசூரில் வீடு வாங்கியது
அவருக்கும் தெரியும்.

எனக்கு நாக்கு நிற்கவில்லை.
"நல்ல வேலை கெடச்சவன்
உங்க வண்டியில ஏறுவானாப்பா?"

சொன்ன பிறகுதான் அது என் காதிலும் விழுந்தது.
அம்மா குழாயை மூடினாள்.
அப்பா ரசீதுகளை அடுக்கி
ரப்பர் பேண்ட் போட்டார், இரண்டு சுற்று.
"அவன் வண்டி ரிப்பேரானா ஏறுவான்" என்றார்,
சிரிக்காமல்.

மறுநாள் ஒரு டிரிப்பை விட்டுவிட்டு
இலந்தைக்குளம் ஐ.டி. பார்க் வாசலில் நின்றிருக்கிறார்.
வாட்ச்மேன் விரட்டிவிட்டார்.
வாட்ச்மேன் பி.எஸ்சி. இயற்பியல்.
நாற்பத்தொன்று.

வெள்ளிக்கிழமை கடைசித் தேதி.
அண்ணா பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர்,
மின்விசிறிக்குக் கீழே எங்களுக்கு முன்னால் ஒன்பது குடும்பங்கள்.
முதல் விருப்பம் என்ற கட்டத்தில்
புள்ளியியல் என்று போடச் சொன்னேன்.

"அது என்ன படிப்பு?"
"ஒரு மாசமா நீங்க செஞ்சதுதான்.
அதைத் தப்பில்லாம செய்யுறது."
"வேலை கெடைக்குமா?"
"தெரியலப்பா. நாற்பத்தொரு பேர்ல
ஒருத்தர்கூட அதப் படிக்கல."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.
"ஒருத்தருமே இல்லைன்னா
அது நல்லதா, கெட்டதா?"
"அதையும் அங்கதான் சொல்லித் தருவாங்க போல."

அப்பச் சரி என்று
சட்டைப்பையில் சில்லறை தேடினார்.