பலகை கழுவும் வாரம்

மார்ச் இரண்டாம் வாரம்
கவுண்டி அலுவலகம் என்னிடம்
ஒரு வேன், ஒரு வாளி, இரண்டு பிரஷ் தரும்.
ஹெர்ஃபோர்ட்ஷயரின் மேற்கு ஓரத்தில்
புகழ்பெற்றவர்கள் பதினொரு பேர்.
எல்லோர் முகத்திலும் பாசி.

மேட்டிலிருந்து ஆரம்பிப்பேன்.
ஓவியர் ஆல்ரெட் டின்ஸ்லி நின்று வரைந்த இடம்.
இரும்புச் சட்டத்துக்குள் அவர் படத்தின் நகல்:
சரிவு, ஆப்பிள் தோட்டம், ஒற்றை வெள்ளைக் குதிரை.
படத்தையும் பள்ளத்தாக்கையும்
மாறிமாறிப் பார்ப்பார்கள் வருகிறவர்கள்.
எங்கேயோ இடிக்கிறதே என்பார்கள்.

இடிப்பது பன்றிக்கொட்டில்.
அவர் வரைந்த அன்றும் அது அங்கேதான் இருந்தது.
நாற்றத்துக்கு நிறம் கிடைக்கவில்லை போலும்,
விட்டுவிட்டார்.
லண்டனில் படம் மாட்டியபோது
கொட்டிலின் சொந்தக்காரர் கில்பர்ட் ப்ரீஸ்
ஞாயிற்றுக்கிழமைக் கோட்டோடு ரயிலேறிப் போய்ப் பார்த்தார்.
திரும்பி வந்து யாரிடமும் பேசவில்லையாம்.
அந்தக் கோடையிலேயே
கொட்டிலை இரண்டு மடங்கு உயர்த்திக் கட்டினார்.
கூரைக்குச் சிவப்பு அடித்தார்.
இன்னும் அடிக்கிறார்கள்,
நாலு வருஷத்துக்கு ஒரு தடவை,
அதே சிவப்பு.

மில் தெருவில் கடை.
'நாவலாசிரியை ஹனோரா பிட்கின்
இங்கே மை வாங்கினார்.'
வாங்கினார்தான், காசு கொடுக்கவில்லை.
மை, மெழுகுவத்தி, ஒரு டின் மத்தி மீன்:
நாலு ஷில்லிங் ஏழு பென்ஸ்.
பேரேட்டில் அந்தப் பக்கம் இன்னும் திறந்தே கிடக்கிறது.
அவர் பெயரில் இயங்கும் அறக்கட்டளையார்
காசோலையும் கேமராவுமாக வந்தார்கள் ஒருமுறை.
மியூரியல் பஃப்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னாள்:
வாங்கினது அந்த அம்மா,
கொடுக்க வேண்டியதும் அந்த அம்மா.
உங்களுக்குத் தபால்தலை ஏதாவது வேணுமா?

பலகை முழுதும் நான் தேய்க்கலாம்.
'வாங்கினார்' மேல் படிந்த பாசியை மட்டும்
தொடவிடமாட்டாள்.

நடுவில் ஏழு பேர்.
ஒருவர் இங்கே பிறந்து எட்டாம் நாள் போய்விட்டார்.
ஒருவர் வேலி தாண்டும்போது காலை உடைத்துக்கொண்டார்.
இருவரைப் பற்றிப் பலகைக்கே சரியாகத் தெரியாது.
மதியம் ரொட்டியும் பாலாடைக்கட்டியும், வேனுக்குள்.
வெளியே மழை. எனக்கு முந்திக்கொண்டு அது
மற்ற மூவரையும் கழுவிக்கொண்டிருந்தது.

கடைசியில் லாம்பர்ட் ஓக்ஷாட்.
அவருடைய மெதுவான இசையின் அடியில்
ஒரு தாழ்ந்த சுரம் வரும்:
மூன்று தட்டு, ஓர் இழுப்பு, மூன்று தட்டு.
மலையின் மூச்சு என்று எழுதுகிறார்கள் அறிஞர்கள்.
முதல்முறை வேன் ரேடியோவில் கேட்டபோது
ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன்.
மலையும் இல்லை மூச்சும் இல்லை.
அடுத்த வீட்டு சைடர் ஆலைப் பம்பு அது,
பெல்ட் தேய்ந்த பம்பு.
நான் சிறுவனாயிருந்தபோதும்
புது பெல்ட்டெல்லாம் ஒரே குளிர்காலத்தில் தேய்ந்து
அப்படித்தான் தட்டும்.

அங்கே வேலை பார்த்த கிளெம் க்வில்லியம்
ஒருநாள் யோசித்திருக்கிறார்:
பாவம், பக்கத்து வீட்டு ஐயா ராத்திரியெல்லாம்
விளக்கெரியத் தூங்காமல் கிடக்கிறாரே.
சொந்தக் காசில் தோல் வாங்கி
ஞாயிறு பகலில் பெல்ட்டை மாற்றினார்.
அன்றிரவு பள்ளத்தாக்கே அமைதி.
ஐயா வீட்டில் விளக்கு சீக்கிரம் அணைந்தது.
கிளெமுக்கு நிம்மதி.

அதற்கப்புறம் ஓக்ஷாட்
இங்கே ஒரு வரி எழுதவில்லை.
வசந்தத்தில் வீட்டைக் காலி செய்தார்.
போகும்போது கிளெமுக்கு ஒரு வாத்து கொடுத்தாராம்.
எதற்கென்று இவரும் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.

அவர் பலகை மரம். எழுத்து வெறும் பெயின்ட்.
பத்தொன்பது வருஷமாக என் பிரஷ் போய்ப்போய்
பிறந்த ஆண்டின் கடைசி எட்டு
இடப்பக்கம் கரைந்து
மூன்றாகிவிட்டது.
ஐந்து வயது கூடிவிட்டது மனிதருக்கு.
அலுவலகத்துக்கு எழுதலாமா என்று
ஒவ்வொரு மார்ச்சும் நினைக்கிறேன்.

வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை
அவர் வாசல் ரோஜாவுக்கு ஊற்றிவிட்டு
வண்டியைக் கிளப்பினேன்.