ஒன்றுக்கு ஒன்று

பெட்டியைப் பிரித்ததும் முதலில் கைகளைப் பார்ப்பேன்.
உள்ளங்கைகள் ஒன்றையொன்று நோக்க வேண்டும்,
நாடகம் முடியக் காத்திருந்து
கைதட்டப் போகிறவனைப் போல.
தரை பார்த்துத் தொங்கினால்
அது டைனோசர் இல்லை, பியானோ வாசிக்கும் முயல்.
திருப்பி அனுப்பிவிடுவேன்.
தபால் நிலையத்து ஸ்டெஃபானியாவுக்குப் பழகிவிட்டது.
"மறுபடியும் மணிக்கட்டா?" என்பாள்
முத்திரை குத்திக்கொண்டே.

ஓப்போலே நகரில் பல்செட் செய்கிறேன்.
மருத்துவர் அல்ல.
வாய் திறந்து யாரும் என் முன் உட்காருவதில்லை.
வாய்கள் எனக்குப் பையில் வரும்,
பெயர் ஒட்டி,
இளஞ்சிவப்புப் பசையில் பதிந்த பள்ளங்களாக.
பள்ளத்தில் ஜிப்சம் ஊற்றினால் ஈறு.
ஈறின் மேல் மெழுகு.
மெழுகில் ஒவ்வொன்றாகப் பல்.

இரவில் அதே விளக்கு, அதே காலிப்பர்,
முப்பத்தைந்தில் ஒரு பங்காய்ச் சுருங்கிய மிருகங்கள்.
தொடை இரண்டு மில்லிமீட்டர் நீளம்: போகட்டும்.
வால் தரையில் தேய்கிறது: போகட்டும் என்று சொல்ல முடியாது.

ஸ்பைனோசரஸ் மட்டும் நான்கு.
ஒன்று நிமிர்ந்து நிற்கிறது, மீன் தின்னும் கனவான்.
அடுத்ததற்குக் கால் குட்டையாகிவிட்டது.
மூன்றாவதற்குத் துடுப்பு போல் வால் முளைத்தது.
நான்காவது கடல் தாண்டி வருவதற்குள்
அதற்கு முங்கத் தெரியாது என்று
ஒரு கட்டுரை வந்துவிட்டது.
நான்கும் வரிசையாக நிற்கின்றன,
வாய்தாவுக்கு வாய்தா வாக்குமூலம் மாற்றிய
ஒரே சாட்சியாக.
எதையும் விற்கவில்லை.

"யாருமே பார்க்காத பிராணி,
அதில் என்ன சரி, என்ன தப்பு?"
யாரெக் கேட்டான்,
சூட்கேஸின் பூட்டைத் திருகியபடி.
நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்கில்
அவன் வாங்கித் தந்த டைரனோசரஸ்
இன்னும் கொதிகலன் மேல் இருக்கிறது.
பச்சை.
வாலை மூன்றாம் காலாக ஊன்றி,
எல்லாப் பல்லும் வெளியே தெரிய.
தப்பு என்றால் அப்படியொரு தப்பு.
தூசி மட்டும் தட்டுவேன்.

உதடு உண்டா இல்லையா என்று
படித்தவர்கள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.
என்னைக் கேட்டிருக்கலாம்.
எனாமல் ஈரத்தில் பிழைக்கும்.
முதலை தண்ணீரில் கிடக்கிறது, இளித்துக்கொள்ளட்டும்.
வெயிலில் நடந்தது
வாயை மூடித்தான் நடந்திருக்கும்.

நவம்பரில் வந்தது மூடிய வாய்.
ஒரு பல்கூட வெளியே இல்லை.
பல் எண்ணியே சம்பாதிக்கிற நான்
இதைப் போல எதையும் விரும்பியதில்லை.
எதையோ சொல்ல வந்து
வேண்டாம் என்று விட்டதைப் போல ஒரு முகம்.

அதே வாரம் அலோய்ஸி பியொந்தெக்கின் பல்செட் முடிந்தது.
எண்பத்தொரு வயது, சிமென்ட் ஆலை.
இடது கோரைப்பல் சற்றுத் திரும்பியிருக்க வேண்டுமென்று
கல்யாணப் போட்டோவை அனுப்பியிருந்தார்.
நேரான பல்லைக் கோணலாக வைப்பது
கோணலை நேராக்குவதைவிடக் கஷ்டம்.
மூன்று முறை மெழுகை உருக்கினேன்.

மகள் தொலைபேசியில் பேசினாள்.
"பணம்தான் கட்டியாயிற்றே.
போட்டுவிடுங்கள்."
எங்கே என்று சொல்லவில்லை.

கடி சரி, அளவு சரி,
வாய் இல்லை.
நகருக்குக் கிழக்கே களிமண் குழியில் தோண்டுகிறவர்களுக்கும்
அவ்வளவுதான் கிடைக்கிறது:
ஒரு பல், அரைத் தாடை,
மிச்சத்தை ஊகிக்க ஒரு குளிர்காலம்.

பொருந்தாத பெட்டி ஒன்றைக் கொடுக்க
சனிக்கிழமை ஸ்டெஃபானியா வீட்டுக்கே வந்தாள்.
கோட்டைக் கழற்றாமல் அலமாரி முன் நின்றாள்.
நான்கு சாட்சிகளையும் பார்த்தாள்.
மூடிய வாயைப் பார்த்தாள்.
அதன் பக்கத்தில்,
கோரைப்பல் கொஞ்சம் திரும்பியதை.

"இது என்ன அளவு?"

ஒன்றுக்கு ஒன்று, என்றேன்.
தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் போனேன்.