பக்கத்துக்கு நாலு ரூபாய்

வினிஃப்ரெட் ஆஸ்க்யூ
முப்பத்தொரு பேரைக் கொன்றவள்.
எல்லாரையும் மஞ்சக்குப்பம் கொண்டுவந்தது நான்,
பக்கத்துக்கு நாலு ரூபாய்.

ஆர்செனிக்கை அரளிவிதை ஆக்கினேன்,
பனிமூட்டத்தை சிப்காட் புகை.
பாதிரியார் வீட்டுத் தேநீர்விருந்துக்குத்தான்
ஒரு வாரம் அலைந்தேன்.

முதல் புருஷன் ஓடிப்போனான்,
மருந்துக்கடையில் வேலை,
நாற்பத்திரண்டில் முதல் கொலை
என்று பின்னட்டைக்கு எழுதியதும் நானே.

போன செவ்வாய் செத்துப்போனாளாம்.
தூக்கத்தில்.
தொண்ணூற்றொரு வயசு. சந்தேகப்பட ஆளில்லை.

கடைசி நாவல்
பத்தொன்பதாம் அத்தியாயத்தோடு நிற்கிறது.
திருப்பாப்புலியூரிலிருந்து
அச்சகத்து ஞானசிகாமணி போன்:
"யாரு கொன்னதுன்னு நீங்களே முடிச்சிருங்க சார்."

கரண்ட் இல்லை.
மெழுகுவத்தியைத் தூக்கி
ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன்:
சமையல்காரி, மருமகன், அந்த டாக்டர்.

எல்லாரும்
என்னைப் போலவே
கையைத் துடைத்துக்கொள்கிறார்கள்.