பத்துக்கு ஏழு

பத்துக்கு எத்தனை என்று கேட்கிறார் டாக்டர்.
ஏழு என்கிறேன்.
ஆறென்றால் பனடோ கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.
எட்டென்றால் நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பார்கள்,
மாத்திரைக்கு அலைகிறவளோ என்று.
ஒன்பது வருஷமாக நான் ஏழு.

மணிக்குத் தொண்ணூறு காலர் தைத்த முதுகு இது.
ஜேக்கப்ஸில் அந்த ஆலையை மூடிவிட்டார்கள்.
ஒரு மெஷின் மட்டும்
கீழிருந்து இரண்டாவது எலும்பில்
இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மாதத்தில் ஒரு வியாழன்,
விடியற்காலை நாலு மணிக்கே ஆஸ்பத்திரி வரிசை.
எனக்கு முன்னால் கம்பளி போர்த்திய மாண்ட்லோவு.
உபுஹ்லுங்கு என்பாள், இடுப்பைத் தொட்டு.
நானும் என் இடுப்பைத் தொடுவேன்.
மொழிபெயர்ப்பு முடிந்தது.
என் வீட்டிலும் பேச்சு ஆங்கிலம்தான்.
குனிந்து நிமிரும்போது மட்டும்
ஐயோ என்று தமிழ் வருகிறது.

பதிவேட்டில் கையெழுத்து. ஐம்பத்தாறு மாத்திரை.
இருபத்தெட்டு நாள்.
வீட்டுக்கு வந்ததும் மேஜையில் கொட்டி எண்ணுவேன்,
வட்டிக்காரனிடம் வாங்கிய நோட்டை எண்ணுவதுபோல.

விழுங்கினால் வலி போய்விடாது.
அடுத்த அறையில் போய் உட்கார்ந்து
ரேடியோ கேட்கும்.
சத்தம் எனக்குத் தெரியும்.
வயிறு கல்லாகும், வாய் காயும்,
அடுப்பை அணைத்தேனா என்று மூன்று முறை எழுவேன்.

மேல்மாடி கமலாம்பிகை சொல்கிறாள்,
காவடி எடு, முதுகு நேராகிவிடும்.
கன்னத்தில் வேல் குத்திக்கொண்டவன்
சாட்ஸ்வொர்த் தெருவில் சிரித்தபடி நடக்கிறான், பார்க்கவில்லையா?
எடுத்தாயிற்றே அம்மா.
இறக்கி வைக்கிற கோயில் எங்கே, அதைச் சொல்.

இந்த மாதம், இருபதாம் நாள் இரவு,
பதினாறு இருக்க வேண்டியது பன்னிரண்டு இருந்தது.

எங்கள் தெருவில்
குழாயைப் பிடுங்கி விற்றுப் புகைக்கிற பிள்ளைகள் உண்டு.
என் பிள்ளைக்குப் பத்தொன்பது வயது.
அவன் குளிக்கும்போது பாக்கெட்டைத் துழாவினேன்:
ஒரு டாக்சிச் சில்லறை,
காய்ந்த நார்ச்சித் தோல்.
கையில் அந்த வாசனை போகவேயில்லை.
அன்று ஷாட் மீன் வாங்கிப் பொரித்தேன்.
என்ன விசேஷம் என்று கேட்டான் ப்ரனேஷ்.
சாப்பிடு என்றேன்.

புட்டியைப் பருப்பு டின்னுக்குள் புதைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, கரண்ட் போன இரவு,
டின் மூடி திறக்கிற சத்தம்.
போனை வாயில் கவ்விக்கொண்டு
அந்த வெளிச்சத்தில்
காய் நறுக்குகிற கத்தியால்
ஒரு மாத்திரையைப் பாதியாக வெட்டிக்கொண்டிருந்தான்
தவனேசன்.
என் புருஷன்.
டாக்டர் வாசலை மிதித்ததில்லை என்று
கல்யாண வீடுகளில் பெருமை பேசுகிறவன்.

முப்பது வருஷம் பஸ்ஸில் கிளட்ச் மிதித்த முழங்கால்
வேட்டித் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தது.
எத்தனை நாளாய்? என்றேன்.
பாதிதான் எடுப்பேன் என்றான்,
நான் கேட்காத கேள்விக்கு.
பிறகு மெதுவாக:
இந்த வீட்டில் வலி உனக்குத்தானே.

ஒரு வீட்டுக்கு ஒன்றுதான் என்று
முனிசிபாலிட்டி தண்ணீர் மீட்டர் வைத்ததுபோல
சொல்கிறான் இந்த மனுஷன்.

திட்ட வாய் வரவில்லை. எண்ணினேன்.
ஏழரை.
சனி இல்லை, மாத்திரை.
ஆறு நாள், இரண்டு பேர்.
எப்படிப் பிரித்தாலும் கணக்கு நொண்டுகிறது.

மீதிப் பாதியை அவன் உள்ளங்கையில் வைத்து மூடினேன்.
அடுத்த வியாழன் என்னோடு வா.
கம்பளி எடுத்துக்கொள், வரிசையில் குளிரும்.
எத்தனை என்று கேட்பார்கள்.
ஏழு என்று சொல்.

அவ்வளவெல்லாம் இல்லை என்றான்.

மாடிப்படி ஏறும்போது
உன் முகத்தைக் கீழிருந்து பார்ப்பவள் நான்.
எட்டு.
நீ ஏழு என்று சொல்.