காரப்பொடிக்கு ஒரு டாக்டர்

நோயே இல்லாத பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு
கடலூர் முழுக்க டாக்டர் பார்த்த பெண்
நானாகத்தான் இருப்பேன்.

துணிக்கூடை. மேலே பழைய துப்பட்டா, முடிச்சு இரண்டு.
முதுநகரில் ஏறி மஞ்சக்குப்பத்தில் இறங்கும்வரை
டவுன் பஸ்ஸில் ஒரே கத்தல்.
"அதுக்கு என்னம்மா?" என்றார் கண்டக்டர்.
ஒன்றுமில்லை என்றேன்.
ஒன்றுமில்லாததற்கும் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

செம்மண்டலத்தில் கண்ணாடிக் கதவு, ஏசி.
கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் பெயர் கேட்டாள்.
காரப்பொடி.
"இட்லிக்குத் தொட்டுக்கிறதாக்கா?"
மீன், என்றேன். விரல் நீளம், முழுக்க வெள்ளி,
துறைமுகத்தில் கூடையைக் கவிழ்த்தால் தரை கண்ணைக் கூசும்.
அவள் 'கேட்' என்று அடித்துக்கொண்டாள்.
டாக்டர் பூனையைப் பார்ப்பதற்குள்
நான் அவர் முன்கையைப் பார்த்துவிட்டேன்.
ஒரு கீறல் இல்லை.
பூனை வைத்தியம் செய்கிற கை இவ்வளவு வழுவழுப்பென்றால்
ஆள் பெரிய கெட்டிக்காரர்,
அல்லது பூனையே தொட்டதில்லை.
எதுவென்று தெரிந்துகொள்ள
எண்ணூறு ரூபாய் கொடுத்தேன்.
தெரியவில்லை.

அரசு ஆஸ்பத்திரி வரிசையில்
எங்களுக்கு முன்னால் ஒரு கிடேரி, நான்கு ஆடு,
சாக்கிலிருந்து தலைநீட்டும் ஒரு சேவல்.
டாக்டரம்மா நல்லவர்.
தோள்பட்டைவரை மாட்டுக்குள் கையை விட்டபடியே
"பூனையா? கொஞ்சம் பொறுங்க" என்றார்.
பொறுத்தோம்.
பன்னிரண்டு மணிக்குக் கதவைச் சாத்தினார்கள்.

"வாயில்லா ஜீவன், நல்ல டாக்டரை அதுவே காட்டும்"
என்றாள் மீன் வெட்டித் தரும் அமலோற்பவம்.
காரப்பொடி எல்லோரையும் கடித்தது.
பாரபட்சமே இல்லை.

எதற்கு இந்த அலைச்சல் என்றால்,
இதற்கு முன் கெண்டை.
கடுவன். ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை, மழை.
மண் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்தான்,
முக்கினான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான்.
மலச்சிக்கல் என்று நானே விளக்கெண்ணெய் கொடுத்தேன்.
அடைத்திருந்தது மூத்திரம்.
அதைச் சொல்ல அன்றைக்கு ஊரில்
ஒரு ஷட்டரும் திறந்திருக்கவில்லை.
கெடிலப் பாலம் தாண்டி, பாண்டிக்கே போயிடலாம் என்று
அஞ்சாபுலி ஆட்டோவை விரட்டினார்.
முள்ளோடையில் சாராயக்கடை வெளிச்சம்
என் மடியில் விழுந்தது.
"திருப்பிடவாக்கா?" என்றார்.
கண்ணாடியில் எனக்கு முன்பே பார்த்துவிட்டிருந்தார்.

அதனால்தான் இந்த முறை
போர்டில் எழுதியிருந்த நம்பருக்கெல்லாம்
ஒரு ராத்திரி, பதினொன்றரைக்கு, போன் போட்டேன்.
தப்புத்தான்.
கண்ணாடிக் கதவு, வேலை நேரத்தைப் பதிவுக் குரலில் சொன்னது.
ஒரு நம்பர் உபயோகத்தில் இல்லை.
ஒன்று இப்போது பிரியாணிக் கடை,
எத்தனை பிளேட் என்றார்கள்.
கடைசி நம்பர்
திருப்பாதிரிப்புலியூரில் மருந்துக்கடை மாடி,
பெயிண்ட் உரிந்த போர்டு, டாக்டர் பாடலீசன்.
நாலாவது மணியில், தூக்கம் பிசைந்த குரல்:
"என்ன சாப்பிட்டுச்சு?"

யாரென்றே கேட்கவில்லை.
பயந்துபோய், தப்பான நம்பர் சார், என்றேன்.
"இந்த நேரத்துல எனக்குத் தப்பான நம்பர் வராதும்மா.
நாயா, பூனையா?"
பூனை.
"ஒண்ணுக்குப் போச்சா?"

இரண்டு வருஷத்துக்கு முன்
யாராவது என்னைக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.
பீரோ மேல் நீட்டிப் படுத்திருந்ததைப் பார்த்தேன்.
போச்சு சார். சாயங்காலம். நல்லாவே போச்சு.
"அப்பத் தூங்குங்க. காலைல பத்து மணிக்கு மேல வாங்க.
படி செங்குத்து, பாத்து."

போனேன்.
நோட்டைப் பிரித்துப் பெயர் கேட்டார்.
சொன்னேன்.
"கருவாடா, பச்சையா?" என்றார், நிமிராமல்.
முன்கை முழுக்கக் கீறல்,
பழசு, புதுசு, நேற்றையது போல ஒன்று.
இத்தனை கீறல் என்றால்
பிடிக்கத் தெரியாதவராய் இருப்பாரோ என்று
ஒரு நிமிஷம் ஓடியது.
அந்தச் சந்தேகத்தோடுதான் முடிச்சை அவிழ்த்தேன்.

கடித்தது.
"சரி, சரி" என்றார்,
பிடியை விடாமல்.