மைனஸ் இரண்டு

மார்க்கெட்டில் மீனை இறக்கிவிட்டு
மிச்ச ஐஸோடு வண்டி
தலைக்குந்தாவுக்கு ஏறியது, விடியற்காலை மூன்றரைக்கு.
டிரைவர் முந்நூறு கூடுதலாகக் கேட்டான்.
பேரம் பேசாமல் கொடுத்தார் கோகுலரமணன்.
திருப்பூரில் பனியன் விற்றவர்,
இங்கே வந்து பனி விற்கிறார்.
'பனிமுத்து' ரிசார்ட்டில் பதினெட்டு அறை,
ஆள் இருந்தது நாலில்.
"செய்தி வராம கூட்டம் வராது அல்போன்ஸ்,
கூட்டம் வராம பேங்க்காரன் போகமாட்டான்."

நானும் அங்கே இருந்தேன், சொல்லிவிடுகிறேன்.
படத்துக்கு நூற்றைம்பது தரும் பத்திரிகை.
அவர் தந்த கவர் தனி.

கோணிச் சாக்கில் ஐஸைப் போட்டு
இரண்டு பையன்கள் கட்டையால் அடித்தார்கள்.
சல்லடையில் சலித்துப் புல்வெளியில் தூவினோம்,
கார் கண்ணாடியில் கொஞ்சம்,
மரப் பெஞ்சில் கொஞ்சம்.
ரோஜாச் செடிகளில் வேண்டாம் என்றார்,
விலை அதிகமாம்.
தெர்மாமீட்டர் மட்டும்
ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் படுத்திருந்தது.

ஆறு மணிக்குத் தேனிலவு ஜோடி ஒன்று
கம்பளி போர்த்தி வந்தது.
அந்தப் பெண் ஒரு கை அள்ளி
மோந்து பார்த்தாள்.
"மத்தி மீன் வாசம் வருதுல்ல?"
"மலைன்னா அப்படித்தான்" என்றான் புருஷன்.
எங்களுக்கு முன்னால் விஷயம் தெரிந்த
பக்கத்து பங்களாப் பூனைகள் மூன்றும்
மதில்மேல் நின்று யோசிக்கவில்லை,
நேரே இறங்கிவிட்டன.

படத்தில் பூனைகளை வெட்டினேன்.

செவ்வாய்க்கிழமை முதல் பக்கம்:
ஊட்டியில் உறைபனி, மைனஸ் இரண்டு டிகிரி.
நாலு டிவி வேன்கள் மலையேறின.
மப்ளர் சுற்றிய நிருபர் ஒருவர்
நல்ல வெயிலில் நின்று நடுங்கிக் காட்டினார்.
பதினெட்டு அறையும் நிரம்பி
டிரைவர்கள் காரிலேயே தூங்கினார்கள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி மேகமே இல்லை.
காற்று எங்கோ போய்விட்டது.
நட்சத்திரங்கள் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போல.
காலையில் சோலூரிலிருந்து போஜன் போன் செய்தார்:
"ஒன்னேகால் ஏக்கர், ஒரு கொழுந்து மிச்சமில்லை.
தாகைச் செடி வெட்டி மூடிக்கிட்டே வந்தேன்,
கீழ் வரிசைக்குப் போறதுக்குள்ள விடிஞ்சிடுச்சு.
வந்து படம் எடு."

வெறும் பெட்ரோலுக்கே வழியில்லாத பைக்.
போய்ச் சேர மத்தியானம்.
வெள்ளையெல்லாம் எப்போதோ உருகி
அடியில் கறுப்பு இருந்தது,
பெட்டி பெட்டியாய்த் தீக்குச்சி கிழித்து
ஒவ்வோர் இலையாய் யாரோ பொசுக்கின மாதிரி.
ஒன்றைக் கிள்ளி மோந்து பார்த்தேன்.
எந்த வாசமும் இல்லை.

பதினோரு படம் அனுப்பினேன்.
கோவை டெஸ்க்கிலிருந்து கூப்பிட்டார்கள்:
"பனிதான் செவ்வாய்க்கிழமையே போட்டாச்சே அல்போன்ஸ்.
இதுல வெள்ளையே தெரியலை.
அன்னைக்கு அனுப்பின மாதிரி
பளிச்சுன்னு ஒண்ணு இருந்தா பாரு."

போஜன் பக்கத்திலேயே நின்றிருந்தார்.
"என்ன சொல்றாங்க?"
"பார்க்கலாம்னு சொல்றாங்க."

அவர் தலையாட்டினார்.
படத்துக்காகப் போட்டிருந்த சலவைச் சட்டையைக் கழற்றி
நாலாய் மடித்து
கருகின செடியின் மேல் வைத்துவிட்டு
கவாத்துக் கத்தியை எடுத்தார்.

தோட்டத்தில் அப்போது
அது ஒன்றுதான் வெள்ளை.